பாக்கெட் வைக்காத கோட்டு

திங்கட்கிழமை
கிளினிக்கிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் ஆசிகள். இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீ உன் சுகத்தை எப்போதும் 'நல்லா இருக்கேன்மா' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய். நானும் அதை நம்பியதாகவே வைத்துக்கொள்கிறேன்.

இதைப் பல் டாக்டரம்மா கிளினிக்கில், என் மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உள்ளே ஒருவருக்குக் கடைவாய்ப் பல் எடுக்கிறார்கள். அது சுலபத்தில் வராத பல் என்று எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது, ஆகவே கொஞ்ச நேரம் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். உன் அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து ஹாலை விட்டு அசைவதில்லை. அத்தனை வருடம் பேங்க் வாசலில் காவல் நின்ற மனுஷன், இப்போது நம் வீட்டு வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அவரைத் தாண்டி ஒரு வார்த்தை வெளியே போக முடியவில்லை. மெசேஜ் அடிக்க எனக்கு வராது, அதையும் அவர்தான் அடித்துத் தர வேண்டும். துறைமுக ஆபீஸுக்கு எழுதினால் கப்பல் கரைக்கு வரும் நாளில் உன் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நீ முன்பு சொன்னதை நம்பி எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன், நின்றுகொண்டு படிக்காதே. அப்பா கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். அடுத்த மாதம், ஒரு வாரம், எங்கள் இருவருக்கும். உலகத்தில் எத்தனையோ கப்பல் ஓடுகிறது. அவர் எடுத்திருப்பது உன் கப்பலுக்கு.

எல்லாம் என் வாயால் வந்த வினை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்பை நகர்த்தச் சொல்வதுபோல், "உன் பிள்ளை வேலை பாக்கிற இடத்தைப் பாக்கணும்னு உனக்கு ஆசையே இல்லையா?" என்று கேட்டார். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? இல்லாமலா இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மறுவாரம் கையில் டிக்கெட்டோடு வந்து நிற்கிறார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரோ அதைச் சந்தோஷத்தில் வந்த மயக்கம் என்று நினைத்து மின்விசிறியைப் போட்டுவிட்டார்.

நீ அந்தக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறாய் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவரைப் பொறுத்தவரை நீ கணக்குப் பிரிவில் இருக்கிறாய், உனக்கென்று ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் இருக்கிறது. லிஃப்டில் யார் ஏறினாலும் அதைத்தான் சொல்கிறார். நீ கணக்குப் படிப்பில் கடைசிப் பேப்பரைக் கோட்டை விட்டதும், சொல்லப் பயந்துகொண்டு கிடைத்த வேலைக்குப் போனதும், அப்போதைக்கு ஒரு பொய் சொல்லிவைப்போம் என்று நாம் இருவரும் முடிவு செய்ததும் நடந்து மூன்று வருடம் ஆகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அந்தப் பயத்தில்தானே நீ லீவுக்குக்கூட வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்கிறாய்.

இப்போது ஆரம்பித்திருப்பது உடைப் பிரச்சினை. கப்பல்காரர்கள் அனுப்பிய தாளில், ஏழு மாலைகளில் இரண்டு மாலை விருந்துக்கு எல்லோரும் முறையாக உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று போட்டிருக்கிறது. என்ன உடை என்று தெளிவாக இல்லை. அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "உன் பிள்ளையைக் கேளு. அவன் தினம் அங்கதான சாப்பிடறான்" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

உன்னைக் கேட்பதற்கு முன்னால் டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் போன வருடம் வீட்டுக்காரரோடு ஒரு கப்பலில் போய் வந்தவர். ஆண்கள் கறுப்போ கருநீலமோ கோட்டு போட வேண்டுமாம், டை கட்ட வேண்டுமாம். பெண்கள் கால்வரை நீண்ட கவுன் போடலாம், பட்டுப்புடவையும் கட்டலாமாம், புடவைக்கு அங்கே நல்ல மதிப்பு என்கிறார். ஜீன்ஸும் செருப்புமாகப் போனால் வாசலிலேயே பணிவாகத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். இந்த அலங்காரமெல்லாம் வேண்டாம் என்கிறவர்களுக்கு மேல் தளத்தில் வேறு கூடம் இருக்கிறது, வீட்டு உடையிலேயே போய் வேண்டியதைத் தட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கே அப்பாவிடம், நமக்கு எதற்கு வீண் ஆடம்பரம், மேலேயே சாப்பிட்டுக்கொள்வோமே என்று மெல்லப் போட்டுப் பார்த்தேன். "முப்பது வருஷம் மத்தவங்க உள்ள போறதைப் பாத்துக்கிட்டு நின்னாச்சு. ஒரு தடவை நாமளும் அந்த வாசல் வழியா உள்ள போவோம்" என்றார்.

என் விஷயம் பெரிதல்ல. இருக்கும் பட்டு இரண்டில் ஒன்று மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருக்கிறது. மாம்பழ நிறத்தது நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் ரவிக்கைக்குள் என் கை போக மாட்டேன் என்கிறது. பிரித்துத் தைத்துக்கொள்வேன். அவர்தான் வாடகைக் கோட்டு எடுக்கலாம் என்றால் கேட்கவில்லை. எவனெவனோ போட்டதை நான் போட மாட்டேன், புதிதாகத் தைத்துக்கொள்கிறேன் என்று நிற்கிறார். மாதிரிக்கு எதை எடுத்துப் போயிருக்கிறார் தெரியுமா? போன வருடம் நீ எனக்கு அனுப்பிய படத்தை. கறுப்புக் குட்டைக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் பட்டாம்பூச்சி டையுமாக நிற்கிறாயே, கையில் இருக்கிற தட்டு தெரியாமல் நீ கீழே வெட்டி அனுப்பினாயே, அதுதான். பிரிண்ட் போட்டு பர்ஸில் வைத்திருக்கிறார். அதைத் தையல்காரரிடம் கொடுத்து, இதேபோல் ஒன்று தை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இனி என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்கு மூளை ஓடவில்லை. உள்ளே பல் வந்துவிட்டது போலிருக்கிறது, கூப்பிடுகிறார்கள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

வியாழக்கிழமை
கிளினிக்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் எழுதிய கடிதம் கிடைத்து நேற்று நீ போன் செய்தபோது, ஆமாம், சரி, பார்க்கலாம் என்று மட்டுமே பேசினேன். கோபம் இல்லாமல் அல்ல. அப்பா என் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இப்போது அதைத் தீர்த்துக்கொள்கிறேன்.

பயணத்தை எப்படியாவது நிறுத்து என்கிறாய். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல் என்கிறாய். ஒரு பொய்க்கு மூன்று வருடமாக முட்டுக் கொடுத்து என் தோள் வலிக்கிறது, இதில் இன்னொன்றா? நிறுத்த முடியாவிட்டால், அந்த வாரம் முழுக்க உன்னை மேல் தளத்துக் கூடத்துக்கு மாற்றும்படி மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறாய். அப்பாவிடம் நீ திடீரென்று வேறு கப்பலுக்கு வேலையாகப் போய்விட்டதாகச் சொல்லிவிட வேண்டுமாம். அந்த மனுஷன் உன்னைப் பார்ப்பதற்காகத் தண்ணீர் மேல் வருகிறார். நீ அவர் தலைக்கு மேலேயே ஒரு தளத்தில் ஒளிந்துகொண்டிருக்க, நான் கீழே அவர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டுப்புடவையோடு சூப் குடிக்க வேண்டுமா? இதை நீ யோசித்துத்தான் சொன்னாயா?

சரி, திட்டினது போதும். அதைவிடப் பெரிய சங்கடம் வந்திருக்கிறது.

கோட்டு தைத்து வந்துவிட்டது. சொன்னால் நம்ப மாட்டாய், அவருக்கு அது அவ்வளவு எடுப்பாக இருக்கிறது. பேங்க் வேலையில் நிமிர்ந்து நின்ற முதுகு இன்னும் வளையவில்லை அல்லவா. வேலையை விட்ட அன்று யூனிஃபார்மைப் பொத்தான் உட்படத் திருப்பி வாங்கிக்கொண்டவர்கள், பூட்ஸை மட்டும் இந்த அளவு யாருக்கும் ஆகாது என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பூட்ஸைப் போட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, டை கட்டி, கோட்டையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். நரம்பு புடைத்துக்கொண்ட கால்தான் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறது. நான் அசந்துபோய் நின்றேன். பிறகு சீப்பை எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டபடி பாக்கெட்டைத் தேடினேன். பாக்கெட் இல்லை. உள்ளே இல்லை, வெளியே இல்லை, மேலே இல்லை. தையல்காரர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

கிளினிக் போகும் வழியில் அவர் கடையில் ஏறி, காசு வாங்கிக்கொண்டு இப்படித்தான் அரைகுறையாகத் தைப்பீர்களா என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். பாவம், அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "நானும் கேட்டேன்மா. ஒரு பக்கமாவது வைக்கிறேன் சார்னு கெஞ்சினேன். படத்துல எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், ஒரு நூல் கூடவும் வேண்டாம் கொறையவும் வேண்டாம்னுட்டார். போடறவர் சொல்றப்ப நான் என்ன பண்ண?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினேன்.

இதோடு விட்டிருக்கலாம். என் பெருமை சும்மா இருந்ததா? அப்பாவைக் கண்ணாடி முன்னால் படம் பிடித்திருந்தேன், அதை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்தார், சிரித்துவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. இது சாப்பிட வர்றவங்க போடறது இல்லைங்க, பரிமாறுறவங்க போடறது. எங்க கப்பல்லயும் அன்னைக்கு இதேதான் போட்டிருந்தாங்க. இதைப் போட்டுக்கிட்டு சார் உள்ள போனா, ஆளாளுக்கு அவர்கிட்ட தண்ணி கேப்பாங்க" என்றார். நல்ல பெண் அவர், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. சாப்பிட வருகிறவர்கள் போடுவதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்த எனக்குத்தான் காது இரண்டும் சுட்டது.

உனக்கு நினைவிருக்கும். நீ கல்லூரியில் சேர்ந்த அன்று, "அடுத்தவன் தச்சுக் குடுத்த துணியைப் போட்டுக்கிட்டு நிக்கிற கடைசி ஆள் இந்த வீட்ல நானா இருக்கட்டும்" என்று சொன்னாரே, அவர் இப்போது ஆசை ஆசையாக, கையிலிருந்து காசு கொடுத்து, ஒரு வேலையாளின் யூனிஃபார்மைத் தைத்து வைத்திருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு அத்தனை பேர் மத்தியில் போய் நிற்கப் போகிறார். அங்கே யாராவது காலித் தட்டை அவர் கையில் கொடுத்தால் என்ன ஆவார்? அங்கே பரிமாறுகிறவர்களைப் பார்த்த மாத்திரத்தில் உண்மை புரிந்துவிடும். பெற்ற பிள்ளையும் கட்டிய பெண்டாட்டியும் சேர்ந்து ஏமாற்றியதை ஊருக்கு நடுவில், அந்தக் கோட்டோடு நின்று தெரிந்துகொள்ள வேண்டுமா அவர்? அதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். உன் சம்மதத்தைக் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். கத்துவாரோ, பேசாமல் இருந்துவிடுவாரோ தெரியாது. டிக்கெட்டைக் கிழித்தாலும் கிழிக்கட்டும். அவர் படும் கஷ்டத்தை வீட்டுக்குள் படட்டும், நான் பக்கத்தில் இருப்பேன்.

கோபித்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு நீ ஆறிப்போனதைத் தின்கிறாயோ என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

அம்மா

செவ்வாய்க்கிழமை
வீட்டிலிருந்து

என் கண்ணே,

இந்தக் கடிதத்தை வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எதிரேதான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். இப்படி எழுதவே எனக்கு என்னவோபோல் இருக்கிறது, திருடிப் பழகியவள் கடையில் காசு கொடுத்து வாங்குவதுபோல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் துணி உலர்த்துகிற சாக்கில் போய், கடைசித் துணியையும் கிளிப் போட்டு முடித்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாளாக மனப்பாடம் செய்தது ஒன்றும் வாயில் வரவில்லை. பிள்ளை கணக்குப் பிரிவில் இல்லை, சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறான், எனக்கு முதலிலிருந்தே தெரியும், நீங்கள் தைத்து வைத்திருப்பது அவன் போடுகிற யூனிஃபார்ம் என்று ஒரேயடியாகக் கொட்டிவிட்டேன். சொல்லி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ் நிற்கவே இல்லை. முனையைத் தேய்த்து முடித்து, துணியால் துடைத்து, அந்தப் பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு மற்றதைக் கையில் எடுத்த பிறகுதான், "தெரியும்" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். படம் வந்த அன்றைக்கே என்றார். "முப்பது வருஷம் யூனிஃபார்ம் போட்டவனுக்கு யூனிஃபார்மைப் பாத்தா தெரியாதா? என்னோடதுலயும் பாக்கெட் வாயைத் தச்சு மூடித்தான் குடுத்தாங்க, கையை உள்ள விட்டுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு. பாக்கெட் இல்லாத கோட்டை எவனாவது தனக்குன்னு தச்சுப்பானா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நமக்குத் தோன்றியதா பார்த்தாயா? கையை மறைத்துப் படத்தை வெட்டினாயே தவிர, பாக்கெட்டைப் பற்றி நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு வருடமாக நான் கள்ளி மாதிரி நடமாடியதை இந்த மனுஷன் வேடிக்கை பார்த்திருக்கிறார். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். "நீ அவன் பக்கம் நின்னே. என் பக்கம் வரமுடியாம நிக்கிறவனுக்கு ஒரு ஆளாவது வேணுமேன்னு விட்டுட்டேன்" என்றார். அப்படியானால் லிஃப்டில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என் மகன் கணக்குப் பிரிவில் இருக்கிறான் என்று எதற்குச் சொல்லித் திரிந்தீர்கள் என்றேன். "அவன் என்கிட்ட என்ன சொன்னானோ அதைத்தான் நான் வெளியில சொன்னேன். என் பிள்ளையைப் பொய்யன்னு நானே காட்டிக் குடுக்கணுமா?" என்றார். தம்பி, நான் அழுதுவிட்டேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

அவருக்கும் முதலில் கோபம்தானாம். படம் வந்த சமயத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பல்வலி என்று நினைத்து டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அப்பாவும் வாயைத் திறந்து காட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னதையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு உன் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார். "காலர்ல ஒரு கசங்கல் இல்ல. டை கோணல் இல்ல. தோளை விரிச்சு நிக்கறான். வேலையை வெறுக்கிறவன் அப்படி நிக்க மாட்டான். நான் நின்ன நிலை எனக்குத் தெரியாதா? அவனுக்கு வேலை பிடிச்சிருக்கு, என்கிட்டதான் பயம்" என்றார். இது உண்மையா தம்பி? உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா? நான் இதுவரை உன்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. தலையெழுத்து என்று செய்கிறாய் என்றே நினைத்து உனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கோட்டைப் பற்றியும் கேட்டேன். தெரிந்தே எதற்காக அதையே தைத்தீர்கள், நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்று. பாலிஷ் டப்பாவை மூடிப் பேப்பரை மடித்த பிறகு சொன்னார். "அவன் மட்டும் போட்டுக்கிட்டு நின்னா அது யூனிஃபார்ம். அதையே நானும் போட்டுக்கிட்டு உக்காந்து சாப்பிட்டா அது வெறும் டிரஸ்தான. அவங்க அப்பனும் போடறதைத்தான் அவன் போட்டிருக்கான்னு ஆயிடும்ல." டாக்டரம்மா சொன்ன தண்ணீர் விஷயத்தையும் சொல்லிப் பார்த்தேன். கேட்டால் ஊற்றிவிட்டுப் போகிறேன், அதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்கிறார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

நேற்று அப்பாவிடம், நான் தையல்காரரிடம் போய், உள்பக்கமாவது ஒரு சின்னப் பாக்கெட் வைக்க முடியுமா, கண்ணாடிக்கூடு வைக்க ஆகும் என்று கேட்கலாமா என்றேன். கூடாது என்றுவிட்டார். அவருடைய படிக்கிற கண்ணாடி, கைக்குட்டை, கால் வலி மாத்திரை எல்லாவற்றையும் என் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மாம்பழ நிறப் புடவைக்குப் பொருந்துகிற பை என்னிடம் இல்லை. மாடி வீட்டு அக்கா தன்னுடைய மணி வைத்த பையை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், திரும்பக் கொடுக்கும்வரை அவள் அதைப் பற்றி மட்டுமே பேசுவாள், பரவாயில்லை. ரவிக்கையைப் பிரித்துத் தைத்துவிட்டேன், கை போகிறது, மூச்சுதான் கொஞ்சம் அளவாக விட வேண்டும்.

இரண்டாவது விருந்து மாலைக்கு அவர் என்ன போடுவார் என்று கேட்காதே. அதற்கும் அதே கோட்டுதான். சட்டை மட்டும் இன்னொன்று வாங்கியிருக்கிறார்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். மேல் தளத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாயே, அதைத் திரும்ப வாங்கிக்கொள். எங்கள் மேஜை எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியாது. உன் பகுதியில் இல்லாவிட்டால் யார் கையைக் காலைப் பிடித்தாவது மாற்றிக்கொள். பெற்றவர்களுக்குப் பரிமாறக் கூடாது என்று எந்தக் கப்பலிலும் சட்டம் இருக்காது. பயணிகளை முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று ஒன்று இருந்தால், உன் மேற்பார்வையாளரிடம் போய், இவர் என் அப்பா என்று முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கி வை. அவருக்கு மனசு இருந்தால் கொடுப்பார். கொடுக்காவிட்டால், நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

அவரைப் பற்றி எனக்கு ஒரே ஒரு பயம் இருக்கிறது. அதை நீ தீர்த்து வைக்க வேண்டும். வாய்தான் வீரம் பேசுகிறது தம்பி. அந்தக் கூடத்து வாசலுக்கு வந்ததும் அவருக்கு உள்ளே போகக் கால் வராது. வாசல் ஓரமாக ஒதுங்கி நின்று, வருகிறவர்களுக்கு வழி விடுவார். கதவைக்கூடப் பிடித்துக்கொள்வார். நான் கூப்பிட்டால், "இரு, அவங்க போகட்டும்" என்பார். அவர்கள் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். என் பேச்சைக் கேட்டு அவர் அந்தப் படியைத் தாண்ட மாட்டார். ஆகவே நீ எங்கே நின்றாலும் வாசலைப் பார்த்துக்கொண்டே இரு. எங்களைக் கண்டதும் கையில் இருப்பதை வைத்துவிட்டு வந்துவிடு. நீயும் அவரும் ஒரே மாதிரி உடையில் நிற்பதைப் பார்த்து யாராவது திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும், சிரித்தால் சிரிக்கட்டும். நீ தலையைக் குனியாதே. அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல். நீ சொன்னால் உட்காருவார். சொல்லும்போது மட்டும் மெதுவாகச் சொல்லாதே, கூடத்தில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, அப்பா என்று கூப்பிட்டுச் சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னைக் காண வரும்,
அம்மா